வீக்கம் வடிந்த முகம்

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்காதீங்க தம்பி. பார்த்தால் மட்டும் சீக்கிரம் திறந்துவிடுமா? நானும் மத்தியானத்திலிருந்து பார்க்கிறேன். பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி வருகிறாள், போகிறாள். கேட்டால், "பாத்துட்டிருக்கோம் தாத்தா" என்கிறாள். என்னத்தைப் பார்க்கிறார்களோ. வந்தது வாந்திக்கு. வாந்திக்கு இத்தனை வயர் மாட்டுவார்களா?

உள்ளே இருப்பது என் பேரன். மகள் வயிற்றுப் பேரன். மோனிஷ். என்ன பேரோ. மாப்பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் வேலை. பனியனுக்கு வைக்கிற மாதிரியே பிள்ளைக்கும் ஒரு பேர் வைத்துவிட்டார். போன ஆடியில் ஒன்பது முடிந்தது பையனுக்கு.

நீங்க யாருக்கு? அம்மாவுக்கா? சரி, சரி. வயசானவர்களுக்கு ஆசுபத்திரி பரவாயில்லை. குழந்தைக்குத்தான் ஆகாது. எனக்கு இந்த வாசனையே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோழிக்காரன். பல்லடம் பக்கம் பண்ணை. பிராய்லர். கம்பெனிக்காரன் குஞ்சு கொடுப்பான், தீவனம் கொடுப்பான், மருந்தும் அவனே கொடுப்பான். வளர்த்துக் கொடுப்பது நம்ம பாடு. எத்தனை குஞ்சு என் கையில் வளர்ந்தது என்று கேட்காதீங்க, எண்ணினதில்லை. ஒன்று சொல்கிறேன். ஒரு கோழிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள நான் கண்ணைப் பார்க்க வேண்டாம், எச்சத்தைப் பார்க்க வேண்டாம். நிற்கிற நிலையைப் பார்த்தால் போதும்.

நிற்கிற நிலை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பிராய்லருக்கு ஊசி போட்டு ஊத வைக்கிறோம் என்று ஊரே சொல்கிறது. பொய். அத்தனை கோழிக்கும் ஊசி போட எவன் இருக்கிறான்? அதன் ஜாதி அப்படி, தீவனம் அப்படி. தின்னும். தின்றுகொண்டே இருக்கும். உடம்பு ஏறும், நெஞ்சு ஏறும், கால் மட்டும் ஏறாது. ஒரு நாள் காலையில் கொட்டகைக்குள் போனால் நாலைந்து உட்கார்ந்திருக்கும். எழுப்பினால் எழாது. இறக்கையை ஊன்றி இழுத்து இழுத்து நகரும். உடம்புப் பாரம் காலைத் தின்றுவிட்டது. இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே பார்த்தது.

இப்போது பையனுக்கு வருகிறேன்.

சின்னதிலிருந்தே அடிக்கடி விழுவான். உட்கார்ந்து எழ வேண்டுமென்றால் தரையில் கை ஊன்றி, முழங்காலில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுவான். என் மகள் கலாமணி பயந்துபோய் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெரிய டாக்டர். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? தசை சிதைகிற நோயாம். சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கெண்டைக்கால் இரண்டும் பந்து மாதிரி திரண்டு கிடக்கிறது. கரைகிறதாம்! சொன்னேன். கலாமணி கேட்டால்தானே? "அது சதை இல்லீங்கப்பா, கொழுப்பு. டாக்டரு சொன்னாரு" என்றாள். டாக்டர் சொன்னார், டாக்டர் சொன்னார். அவளுக்கு வேறு வார்த்தையே கிடையாது.

அவர் ஒரு மாத்திரை எழுதினார். தினமும். குணமாகுமா என்றால், ஆகாதாம். பிறகு எதற்கு? நடக்கிற காலத்தைக் கொஞ்சம் நீட்டுமாம். சக்கர நாற்காலியை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் போடுமாம். நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்லதாம். நீங்களே சொல்லுங்க தம்பி, குணமாக்காத மருந்துக்கு மருந்து என்று பேரா?

சரி, கொடுத்தாள். கொடுத்த கொஞ்ச நாளில் பையனுக்குப் பசி. பசி என்றால் பேய்ப் பசி. நாலு இட்லி தின்று கை கழுவின உடனே "அம்மா, பசிக்குது." முகம் உருண்டது. கன்னம் ஊதிக் கண் உள்ளே போனது. கழுத்துக்குப் பின்னால் திட்டுத் திட்டாகச் சதை. வயிறு முன்னால் தள்ளிவிட்டது. கோபம் வேறு. தட்டைத் தூக்கி எறிவான், அழுவான். நடை இன்னும் மோசம். கலாமணியைக் கேட்டால், "அது மாத்திரையோட குணம், மருந்தில்லாட்டி இதுக்குள்ள நடையே நின்னிருக்கும்" என்றாள்.

எனக்கு நெஞ்சில் குத்தினது ஒரு சொல். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் என் மடியில் வந்து விழுந்தான்.

"அப்புச்சி, பசங்கெல்லாம் என்னைய பிராய்லர்ங்கறாங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை வருஷம் கொட்டகையில் பார்த்ததை, வீட்டுக்குள் கண் முன்னால் பார்த்தும் பிடிபடாமல் இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல். பசங்களுக்குத் தெரிந்தது பெரிய டாக்டருக்குத் தெரியவில்லை. உடம்பு ஏறுது, கால் விழுது. மாத்திரைதான் காலைத் தின்கிறது. வேறென்ன வேண்டும் அத்தாட்சி?

நீங்க என்ன கேட்கிறீங்க? மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் விழவில்லையா என்றா? விழுந்தான். விழாத குழந்தை உண்டா?

கலாமணியிடம் சொன்னேன். சண்டை. "கோழியும் கொளந்தையும் ஒண்ணாங்கப்பா?" என்று கேட்டாள். அவளைப் படிக்க வைத்ததே அந்தக் கோழிதான்.

அப்புறம்தான் அவளுக்கு ஆபரேஷன் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி. கோயமுத்தூரில் வைத்து எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை கூட இருக்க வேண்டும். அவர் பக்கத்தில் ஆள் இல்லை, என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. பையனை என்னிடம் விட்டார்கள். காலாண்டு லீவு வேறு.

விட்டுவிட்டுப் போகும்போது அவள் பண்ணின ஆர்ப்பாட்டத்தைக் கேட்கணுமே! மாத்திரை அட்டையை என் கையில் வைத்துப் பொத்துகிறாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணுதான். காத்தால சாப்பிட்டதும் இந்த மாத்திரை. சோறு தப்புனாலும் இது தப்பக்கூடாது. பட்டுனு நிறுத்துனா உசுருக்கே ஆபத்தாயிரும். கேக்கறீங்களா?"

"கேக்கறன், கேக்கறன்."

"காச்சலு, வாந்தி, எது வந்தாலும் வெச்சிருந்து பாக்காதீங்க. பக்கத்துல எந்த ஆசுபத்திரியோ அங்க தூக்கிட்டுப் போயிருங்க. போனதும் மொத வார்த்தையா, இந்தப் பையன் ஸ்டீராய்டு சாப்பிடறவன்னு சொல்லிப்போடுங்க. ஊசியாப் போட்டுக் காப்பாத்துவாங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

"ஏம்மா, நானென்ன ஒண்ணாங்கிளாஸா?"

மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விளக்கம் வேறு. மாத்திரை உள்ளே போகப் போக, உடம்பு தானாகச் சுரக்கிற ஏதோ ஒன்றை நிறுத்திவிடுமாம். திடீரென்று மாத்திரையை எடுத்துவிட்டால் இதுவும் இருக்காதாம், அதுவும் இருக்காதாம், உடம்பு கைவிட்டுவிடுமாம். ஆபரேஷனுக்குப் போகிறவள், பாவம், பயத்தில் பேசுகிறாள் என்று தலையாட்டினேன்.

அவர்கள் வண்டி போனது. அடுத்த நாள் காலையில் பையன் தோசை தின்றுவிட்டுக் கையை நீட்டினான்.

"மாத்திரைங்க அப்புச்சி?"

"இனி வேண்டாம் கண்ணு."

"அம்மா திட்டுமே."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறன். நீ சொல்லாத."

அவனுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? கசப்பு மாத்திரை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

ஆமாம், ஒரேயடியாகத்தான் நிறுத்தினேன். வேறு எப்படி நிறுத்துவார்கள்? பண்ணையில் கோழிக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். கறிக்குப் பிடிக்கிற தேதி வந்துவிட்டால் அதற்கு முன்னாலேயே தண்ணீரிலிருந்து மருந்தை எடுத்துவிட வேண்டும். கம்பெனிச் சட்டம். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்றெல்லாம் குறைத்துக்கொண்டிருக்க மாட்டோம். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெறும் தண்ணீர். அவ்வளவுதான். உடம்பில் இருக்கிற மருந்து தானாக இறங்கிவிடும். கறி சுத்தமாகிவிடும்.

மாத்திரையைத் தினமும் ஒன்று அட்டையிலிருந்து பிதுக்கிக் கோழிக் குப்பைக் குழியில் போட்டேன். அவள் வந்து அட்டையைப் பார்த்தால் சரியாக இருக்க வேண்டுமே.

எனக்கு ஒரே ஆசை தம்பி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரை விட்டு இறங்கும்போது, பையன் தானாக நடந்து வாசல் கேட்டுக்கு வரவேண்டும். தொடையில் கை ஊன்றாமல். அவள் பார்க்க வேண்டும். நான் ஒன்றும் பேச மாட்டேன். அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பலன் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லாதீங்க. முதலில் பசி அடங்கியது. பேய் மாதிரித் தின்றவன் ஒரு தோசையில் எழுந்துவிடுவான். கோபம் போனது. தட்டை எறிகிறதில்லை, கத்துகிறதில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் முகம். ஒரு நாள் காலையில் வெளிச்சத்தில் பார்க்கிறேன், வீக்கம் வடிந்திருக்கிறது. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. கண் பெரிதாகிவிட்டது. அச்சு அசல் என் மகன் நாட்ராயன் முகம்.

ஆமாம், மகனும் இருந்தான். கலாமணிக்கு மூத்தவன். இல்லை இப்போது.

அவனுக்கும் கால்தான். அது வேறு கதை. சின்ன வயசில் காய்ச்சல் என்று ஒரு கம்பவுண்டர் இடுப்பில் ஊசி போட்டான். அந்த ஊசிதான் அவன் காலை வாங்கிவிட்டது. நல்ல பயல். கெண்டைக்கால் இவனுக்கு மாதிரியே திரண்டு கிடக்கும். ஊரில் எல்லாரும் பயில்வான் என்பார்கள். தொடையில் கை ஊன்றித்தான் எழுவான். பத்து வயசில் உட்கார்ந்தவன், எழவில்லை. முதுகு வளைந்தது. மீசை அரும்பும்போது ஒரு நாள் சளி பிடித்தது, மூச்சு வாங்கினான். முடிந்தது.

மாத்திரையா? அவனுக்கு ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஏது?

ஏன் கேட்கிறீங்க?

அது வேறு, இது வேறு என்று சொன்னேனே. அவனுக்கு ஊசி. இவனுக்கு மாத்திரை. நீங்க நடுவில் பேசினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? முகம். வீக்கம் வடிந்தது. ஆனால் மேலெல்லாம் வலிக்குது அப்புச்சி என்பான். எண்ணெய் தடவி விட்டேன். நஞ்சு இறங்கும்போது வலிக்கத்தானே செய்யும்? நிறையத் தூங்கினான். வளர்கிற பிள்ளை, தூங்கட்டும் என்று விட்டேன். காலையில் எழுப்பி உட்கார வைத்தால், "கண்ணைக் கட்டுதுங்க அப்புச்சி" என்று மறுபடியும் சாய்ந்துவிடுவான். நடக்க வைத்துப் பார்த்தேன். கேட்டு வரைக்கும் வரவில்லை. துணி துவைக்கிற கல்லோடு நின்றுவிட்டான். அதற்கென்ன, கோழிக்கே மருந்து இறங்க நாளாகும்.

கலாமணி படுக்கையிலிருந்து தினமும் போன் பண்ணுவாள். குரலே இருக்காது.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"ஆச்சும்மா."

"சாப்பிடறானா?"

"அளவாச் சாப்பிடறான். முகமெல்லாம் தெளிஞ்சு போச்சு. வந்து பாரு."

"முகம் தெளிஞ்சுதா? ஏனுங்கப்பா, மாத்திரை நெசமாக் குடுக்கறீங்கல்ல?" என்றாள். "வயித்தக் கிழிச்சுட்டுப் படுத்திருக்கறவளுக்கு இத்தனை சந்தேகம் ஆகாது, தூங்கு" என்று வைத்துவிட்டேன். பொய்தான். ஆபரேஷன் ஆனவளிடம் வேறென்ன சொல்வது?

முந்தாநாள் மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கணும் என்று வெளியே கட்டிலில் உட்கார்ந்தான். சாரல் அடித்தது. நேற்று உடம்பு சுட்டது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வாந்தி. கஞ்சி கொடுத்தேன், வாந்தி. தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வாந்தி. இன்றைக்குக் காலையில் சூடு இல்லை. சரி, விட்டது என்று தொட்டால் கை சில்லென்று ஈரமாக இருக்கிறது. "மோனிஷு" என்றேன். கண்ணைத் திறந்தான். "அப்புச்சி, யாரு லைட்ட அமத்துனது?" என்றான். பட்டப்பகல்.

எனக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

கோழி ஏற்ற வந்த வண்டி நின்றது. டிரைவரிடம் சொல்லி முன்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் தோளில் தலை தொங்கிக்கொண்டே வந்தது. கனமே இல்லை. அத்தனை ஊதிக் கிடந்த பிள்ளை, கனமே இல்லை.

இங்கே ஒரு டாக்டரம்மா. சின்னப் பெண். பார்த்ததும் உள்ளே கொண்டு போனாள். ஆயிரம் கேள்வி. என்ன தின்றான்? கெட்டுப்போனது ஏதாவது? பண்ணையில் எலி மருந்து, பூச்சி மருந்து எதையாவது தொட்டானா? கால் ஏன் இப்படி இருக்கிறது? பிறந்ததிலிருந்தே பலமில்லை என்றேன். "தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்பிடறானா தாத்தா?"

ஒன்றும் இல்லை என்றேன்.

உண்மைதானே? சாப்பிடவில்லையே! கலாமணி சொன்னாள், மாத்திரை சாப்பிடறவன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்க என்று. ஞாபகம் இருக்கிறது, மறக்கவில்லை. சாப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாப்பிடாதவனை எப்படிச் சாப்பிடுகிறவன் என்று சொல்வது? நான் பொய் சொல்லுகிற ஆளா?

அம்மா அப்பா நம்பர் கொடுங்க என்றாள். அவள் ஆபரேஷன் ஆகிக் கிடக்கிறாள், வேண்டாம் என்றேன். இந்தப் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, அமர்த்தி மடியில் கட்டிக்கொண்டேன். சரியான பின் சொல்லிக்கொள்ளலாம்.

கொஞ்சம் முன்னால் கதவு திறந்தபோது உள்ளே பேசினது காதில் விழுந்தது. பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பிரஷர் ஏறவில்லையாம். சர்க்கரையும் கீழேயே நிற்கிறதாம். ஏறவில்லை என்றால் நல்லதுதானே? எனக்குப் பிரஷரும் சர்க்கரையும் ஏறினால்தான் எங்க ஊர் டாக்டர் திட்டுவார். இவர்கள் ஏறவில்லை என்று பதறுகிறார்கள். எதற்குப் பதறுவது என்றே தெரியாத ஆட்கள்.

ஏன் தம்பி, முகம் ஏன் இப்படிப் போகிறது உங்களுக்கு? அம்மா ஞாபகமா?

என்னது? உங்க அம்மாவுக்கும் அந்த மாத்திரையா? மூட்டு வாதத்துக்கா? ஓ. நிறுத்தும்போது பாதியாக்கி, அதில் பாதியாக்கி, மாதக்கணக்கில் குறைத்தார்களா? சரி, இருக்கட்டும். உங்க அம்மா வயசென்ன, இவன் வயசென்ன? ஒரு தடவை அவங்களே மறந்து நிறுத்தி, குளியலறையில் விழுந்தார்களா?

விழுந்து? பிரஷர் இறங்கி, ஊசி போட்டுத்தான் பிழைத்தார்களா?

ம்.

டாக்டரிடமா? இதையெல்லாமா? கோழிக் கதையை அவளிடம் போய் எதற்குச் சொல்லணும்? இல்லை, சொல்லவில்லை. மாத்திரையைப் பற்றியா? அதுதான் சொன்னேனே, அவன் சாப்பிடுவதில்லை என்று...

எங்கே எழுந்து போறீங்க? நான் இன்னும் முடிக்கவில்லை. தம்பி! கதவைத் தட்டக்கூடாது, போர்டு போட்டிருக்கிறார்கள் பாருங்க. உங்களுக்கு மனசு விட்டுச் சொன்னால் ஊரைக் கூட்டறீங்களே! குழந்தை உள்ளே தூங்குகிறது. இப்படியா ஓங்கி ஓங்கித் தட்டுவது? விடுங்க கதவை. விடுங்கன்னு சொல்றேன்.

பார்த்தீங்களா, டாக்டரம்மாவே வந்துவிட்டாள்.

ஒன்றுமில்லைங்கம்மா. இந்தத் தம்பி கொஞ்சம் பயந்த சுபாவம். அவங்க அம்மாவுக்கு... யார் சொன்னது? நானா? அது சும்மா பேச்சுக்கு... ஸ்டீராய்டா?

தம்பி, நீங்க பேசாதீங்க. என் பேரன். நான் சொல்கிறேன்.

ஆமாங்கம்மா. சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக. நான்தான் நிறுத்தினேன். ஒரேயடியாகத்தான். அவங்க அம்மா கோயமுத்தூருக்குப் போன மறுநாள் காலையிலிருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நல்லாத்தான் இருந்தான், முகத்தைப் பார்த்தீங்கல்ல? எவ்வளவு தெளிவு! இதற்கு முன்னால் நீங்க பார்த்திருக்கணும், கன்னமெல்லாம் ஊதி... அம்மா, நான் பேசிக்கொண்டிருக்கிறேன், முழுசாகக் கேட்டுவிட்டு...

என்ன ஊசி? எதற்குக் கத்துகிறாள்? சிஸ்டர், நீங்க எங்கே ஓடறீங்க? போன் எதற்கு? அவள் படுத்திருக்கிறாள் சிஸ்டர், அவளை எழுப்ப வேண்டாம். அவளுக்கு இது தெரிய வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றுதானே பையனிடம்... சரி, இந்தாங்க, போனை எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க. இந்த முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது. தம்பி, நீங்க அவிழ்த்துவிடுங்க.

எதற்குங்க எல்லாரும் ஓடறாங்க? ஒரு மாத்திரைக்கா? இத்தனூண்டு மாத்திரை தம்பி, குப்பையில் போட்டால் கண்ணுக்கே தெரியாது.

நீங்களும் போகாதீங்க. என் பக்கத்தில் உட்காருங்க. யாராவது ஒருத்தர் உட்காருங்க.